இணைவு உந்துவிசையில் உண்மையான தடை எது?

கேள்வி:
மிகக் குறைந்த ஆற்றலில் செவ்வாயை அடையும் பாதையில் பயணம் ஏறத்தாழ 260 நாள்கள் நீடிக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய எரியூட்டு ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி, அணுக்கரு இணைவின் வழியாக 3.15 மெகாஜூல் பெற்றார்கள். அப்படியிருக்க, இணைவு எந்திரத்தை விண்கலத்தில் பொருத்தி அந்தப் பயணத்தைச் சுருக்குவதற்கு இன்னும் எது தடையாக இருக்கிறது?

மறுமொழி 1:
நண்பரே, 2.05 மெகாஜூல் என்பது இலக்கில் விழுந்த ஒளியின் அளவு மட்டுமே. அதை உண்டாக்க லேசர்கள் எடுத்துக்கொண்ட மின்சாரம் ஏறத்தாழ 300 மெகாஜூல். ஆயினும் எரிபொருள் தேர்வையே நான் பெரிய சிக்கலாகக் கருதுகிறேன். ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைவது ஒப்பளவில் எளிது. ஆனால் வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் கொண்டுபோய்விடுகிறது. மின்னூட்டமற்ற அந்தத் துகளைக் காந்தப்புலத்தால் பின்னோக்கித் திருப்ப முடியாது. அது கலத்தின் சுவரைச் சூடாக்கிச் சிதைக்கும். டியூட்டிரியத்துடன் ஹீலியத்தின் இலேசான வடிவமான ஹீலியம்-3 இணைந்தால் புரோட்டானும் ஹீலியம் அணுக்கருவும் பிறக்கின்றன. இரண்டுக்கும் மின்னூட்டம் உண்டு என்பதால் அவற்றை நேரடியாக உந்துவிசைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு மேலும் உயர்ந்த வெப்பநிலை வேண்டும், ஹீலியம்-3 பூமியில் மிக அரிது, டியூட்டிரிய அணுக்கள் தமக்குள் இணைந்து நியூட்ரான்களை வெளியிடுவதையும் முழுமையாகத் தடுக்க இயலாது.

மறுமொழி 2:
வெப்பத்தை வெளியேற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவை, வெளியேற்றி 1000 நியூட்டன் உந்துவிசை பெற, பீறிட்டு வெளியேறும் அந்தத் தாரைக்கு மட்டும் 50 மெகாவாட் தேவை. அதே அளவு கழிவு வெப்பமும் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் அதைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். 1000 கெல்வினில் இருபுறமும் கதிர்வீசும் தகடு, இலட்சிய நிலையில், ஏறத்தாழ 440 சதுர மீட்டர் போதும். 500 கெல்வின் என்றால் பரப்பு 16 மடங்காகிறது!

கேட்டவர்:
1000 நியூட்டன் மிகச் சிறிய விசை அல்லவா? அதனால் பயணம் எப்படி விரைவுபடும்?

மறுமொழி 2:
இடைவிடாமல் செயல்படுவதால்தான். 100 டன் எடையுள்ள கலத்தின் வேகம் அந்த விசையால் ஒரு நாளில் விநாடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் கூடுகிறது. உந்துபொருளும் நாளொன்றுக்கு 860 கிலோகிராம் அளவிலேயே செலவாகிறது. 30 நாள்களில் வேக மாற்றம் விநாடிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் உலை, காந்தங்கள், கதிர்வீச்சுத் தகடுகள் அனைத்தும் சேர்ந்து 50 டன்னுக்குள் அடங்க வேண்டுமென்றால், எந்திரத்தின் ஒவ்வொரு கிலோகிராமும் 1 கிலோவாட் தாரைத் திறனைத் தந்தாக வேண்டும். புதிய வடிவமைப்பு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.