சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு சனிக்கிழமை: ‘ஒரத்தநாடு பெரிய வீடு’ குடும்ப அரட்டைக் குழுவிலிருந்து

காலை 7.50
நான்: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவையும் நிலனையும் அழைத்துக்கொண்டு தேக்காவுக்கு வந்துவிட்டேன். இன்று வீட்டில் அடுப்பு மூட்டப்போவதில்லை. காலை உணவிலிருந்து மாலைத் தேநீர் வரை இங்கேதான்.

சித்தப்பா: இங்கே மணி ஐந்து இருபது. எருமை கறக்க எழுந்தவன் உன் செய்தியைப் பார்த்தேன். தேக்கா என்றால் கண்டாங் கெர்பாவ் சந்தைதானே?

நான்: அதேதான் சித்தப்பா.

சித்தப்பா: அப்படியானால் போனவுடன் சாப்பிட உட்காராதே. முதலில் மீன், கறி, காய்கறிப் பக்கம் ஒரு சுற்று வா. சிறு வயதில் நாங்கள் சிங்கப்பூரில் இருந்தபோது உன் தாத்தா எங்களை அப்படித்தான் அழைத்துப் போவார். சந்தையைப் பார்த்தால்தான் பசி சரியாக எடுக்கும் என்பார்.

தம்பி கார்த்திக்: சென்னையில் நாங்கள் இன்னும் படுக்கையில் இருக்கிறோம். அக்கா, படங்களை வரிசையாக அனுப்பு.

காலை 8.15
[படம்]
நான்: ஈரச்சந்தைக்குள் இருக்கிறோம். கொடுவா, வாவல், சுறா எல்லாம் பனிக்கட்டி மேல் கிடக்கின்றன. கறிக்கடைகள் ஒரு வரிசை முழுக்க. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆடு என்கிறார்கள்.

அம்மா: வாழைப்பூ, முருங்கைக்கீரை, பூசணிக்கொடித் தளிர், பாகல், பிஞ்சுக் கத்தரிக்காய். தஞ்சாவூர்ச் சந்தையில் கூட இத்தனையும் ஒரே கடையில் பார்த்ததில்லை. கறிவேப்பிலையைக் கிளையோடு வைத்திருக்கிறார்கள். காய்கறி விற்கும் சீனப் பாட்டி என்னைப் பார்த்ததும் தமிழில் விலை சொன்னார்! “முருங்கைக்காய் ஒரு கட்டு இரண்டு வெள்ளி, அம்மா” என்றார். இங்கே டாலரை வெள்ளி என்கிறார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

சித்தி: அண்ணி பேரம் பேசினீர்களா?

அம்மா: மனம் வரவில்லை செல்வி. நம் மொழியைக் கற்று வைத்திருக்கிறவரிடம் என்ன பேரம்.

சித்தப்பா: தரை ஈரமாக இருக்குமே, பார்த்து நடக்கச் சொல் அகிலா. மாலதி அக்கா ஒருமுறை மீன் கடை முன்னால் வழுக்கி விழுந்தாள். புதுப் பாவாடை.

மாலதி அத்தை: அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறாயா? மஞ்சள் பாவாடை. அம்மா அடித்தாள், அப்பா வாழைப்பழப் பணியாரம் வாங்கிக் கொடுத்தார்.

காலை 8.50
நான்: முதல் சுற்று. அம்மாவுக்குச் சனிக்கிழமை என்பதால் கவுச்சி இல்லை. ஆகவே அவருக்கு இடியாப்பம், மேலே தேங்காய்த் துருவல், பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சர்க்கரை. நிலனுக்குப் புராட்டா. எனக்கு ஒரு தே தாரேக்.

சித்தப்பா: அதை நாங்கள் புட்டு மாயம் என்போம். அங்கே மலாய்க்காரர்களும் சீனர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மா: இடியாப்பம் நன்றாக வெந்திருக்கிறது, நூல் நூலாகப் பிரிகிறது. அந்தச் சர்க்கரையின் நிறம்தான் கண்ணுக்கு ஒட்டவில்லை. நாட்டுச் சர்க்கரை போட்டிருந்தால் இன்னொரு தட்டு கேட்டிருப்பேன்.

சித்தி: புராட்டா நம் ஊர்ப் பரோட்டா மாதிரியா?

நான்: அதைவிடத் தட்டையாக, மொறுமொறுப்பாக இருக்கிறது சித்தி. மாவைக் காற்றில் வீசி விரிக்கிறார்கள், ஓரங்களை உள்ளே மடித்துக் கல்லில் போடுகிறார்கள். தேநீரை இரண்டு குவளைக்கு நடுவில் ஒரு முழ உயரத்துக்கு இழுத்து ஆற்றுகிறார். தாரேக் என்றால் மலாயில் இழுப்பது. மேலே நுரை விரற்கடை உயரம் நிற்கிறது.

காலை 9.20
நான்: ஒன்று சொல்ல வேண்டும். உட்கார இடம் தேடியபோது காலியான மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தது. அம்மா அதைப் பிரித்து நிலனுக்குக் கை துடைத்துவிட்டார். இங்கே மேசையில் பொட்டலம் வைத்தால் ‘இது என் இடம்’ என்று பொருள். ‘சோப்’ என்பார்கள். சாப்பாட்டுத் தட்டோடு வந்த பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து, எங்களையும் உட்காரச் சொல்லிவிட்டார்.

அம்மா: நல்ல பெண். வேப்பம்பூ ரசம் எப்படி வைப்பது என்று கேட்டாள், சொல்லிக் கொடுத்தேன்.

மாலதி அத்தை: நம் ஊர்ப் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல.

காலை 10.40
நான்: அம்மா மேல் மாடியில் புடவைக் கடைகளைப் பார்க்கிறார். வயிற்றுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. எதையும் முழுத் தட்டாக வாங்காமல் மூவருக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டோம். அதனால்தான் இன்னும் இடம் இருக்கிறது.

சித்தப்பா: ரோஜாக் சாப்பிட்டாயா?

நான்: இன்னும் இல்லை. அந்தப் பொரித்த கலவையையும் குழம்பையும் மதியத்துக்கு வைத்திருக்கிறேன்.

சித்தப்பா: அதைச் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று கால்வாயைப் படம் எடுத்து அனுப்பு. சந்தையிலிருந்து நாலு எட்டு வைத்தால் கால்வாய். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றுதான் சாப்பிடுவோம்.

நான்: கால்வாயா? இங்கே வாசலில் எம்ஆர்டி ரயில் நிலையமும் எருமைச் சாலையும்தான் இருக்கின்றன சித்தப்பா. பூக்கடை, காய்கறிக் கடைகள்.

சித்தப்பா: அப்படியானால் நீ தவறான சந்தையில் இருக்கிறாய்.

நான்: இல்லையே, பெயர்ப் பலகையே இருக்கிறது.

சித்தப்பா: சிராங்கூன் சாலை உனக்கு எந்தப் பக்கம்? சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வர வேண்டும். பத்து வயது வரை போன இடம், எனக்கு மறக்குமா?

சித்தி: இவர் கறந்த பாலைக் கூட சொசைட்டிக்குக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பகல் 12.10
[படம்]
நான்: பிரியாணி வரிசை. அல்லாவுதீன் பிரியாணிக் கடை முன்னால் இருபது பேர் நிற்கிறார்கள். ஆட்டுக்கறித் தம் பிரியாணி ஒன்று வாங்கி நானும் நிலனும் பகிர்ந்துகொண்டோம். பாசுமதி அரிசி, கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வருகிறது. சிறு கிண்ணத்தில் தால்ச்சா. எனக்குச் சீரகச் சம்பாதான் பிடிக்கும், ஆனால் இந்தத் தால்ச்சாவுக்காக இன்னொரு நாள் வருவேன்.

தம்பி கார்த்திக்: சீனக் கடைகள் இல்லையா?

நான்: நிறைய. வாத்து சாதக் கடையும் ‘545 வாம்போ’ இறால் நூடுல்ஸ் கடையும் இருக்கின்றன. நூடுல்ஸை உலர்வாகக் கேட்டால் மிளகாய்ச் சாந்து பிரட்டித் தந்து, இறால் சூப்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுக்கிறார்கள். இறால் தலையையும் ஓட்டையும் வறுத்துக் கொதிக்கவைத்த சாறு. நம் வீட்டில் தலையைக் குப்பையில் போடுகிறோமே என்று வருத்தமாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றதற்கு ஓர் அடுக்கு. நிலன் சரியாகப் பிரித்து வைத்தான்.

பகல் 12.35
தம்பி கார்த்திக்: சித்தப்பா, நீங்கள் சொன்னதைத் தேடிப் படித்தேன். நீங்கள் சொன்னதும் சரி, அக்கா சொல்வதும் சரி. பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1915-இல் கட்டியது. அது சிராங்கூன் சாலையின் மறு பக்கத்தில்தான் இருந்தது. 1982-இல் அதை இடித்துவிட்டார்கள். கடைகள் எல்லாம் சாலையைக் கடந்து இந்தப் புதுக் கட்டடத்துக்கு வந்தன. முதலில் ‘சூஜியாவ்’ நிலையம் என்று பெயர் வைத்தார்கள், 2000-இல்தான் தேக்கா என்று மாற்றினார்கள். தேக்கா என்பது மூங்கில் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழிச் சொல்லாம்.

தம்பி கார்த்திக்: மலாயில் கண்டாங் என்றால் பட்டி, கெர்பாவ் என்றால் எருமை. அந்த வட்டாரத்தில் நம்மவர்கள் மாடு வளர்த்திருக்கிறார்கள். நீங்கள் பிறந்த கேகே மருத்துவமனைக்கும் அந்தப் பெயர்தான். நீங்கள் பிறந்த 1966-இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஓர் ஆண்டில் ஒரே மருத்துவமனையில் அத்தனை பிரசவம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றதாம்.

மாலதி அத்தை: அவன் பிறந்த அன்று தன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் உண்டு என்று அம்மா சொல்வாள்.

பகல் 12.50
நான்: சித்தப்பா, இருக்கிறீர்களா?

சித்தப்பா: இருக்கிறேன். இடித்துவிட்டார்களா?

நான்: ஆமாம் சித்தப்பா.

சித்தப்பா: நாங்கள் 1976-இல் கப்பல் ஏறினோம். இத்தனை வருடமாக அந்தச் சந்தை அங்கேயே இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகல் 1.20
[படம்]
நான்: ரோஜாக் கடைக்கு வந்துவிட்டேன். எப்படிச் செய்கிறார் என்று நின்று பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்: உருளைக்கிழங்கு, மாவு உருண்டை, தேங்காய் உருண்டை, டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டி, இறால் வடை, அவித்த முட்டை. வேண்டியதை நாமே தட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை மறுபடியும் கொதிக்கும் எண்ணெயில் ஒரு முக்கு முக்கி எடுத்து, மரப்பலகையில் போட்டுக் கத்தியால் சடசடவென்று நறுக்குகிறார். பலகை நடுவில் கிண்ணம் போலத் தேய்ந்திருக்கிறது. மேலே வெள்ளரி, வெங்காயம், பச்சை மிளகாய். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையச் செம்மஞ்சள் குழம்பு.

சித்தப்பா: குழம்பு கெட்டியாக இருக்கிறதா?

நான்: கரண்டியைச் சாய்த்தால் மெதுவாகத்தான் வழிகிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனிப்பு முதலில், அப்புறம் நிலக்கடலை, கடைசியில் காரம்.

சித்தப்பா: அதுதான். காரம் கடைசியில் வர வேண்டும்.

மாலதி அத்தை: சம்பளம் வந்த வாரம் அப்பா துறைமுகத்திலிருந்து நேரே எங்களை அழைத்துப்போவார். ஒரே தட்டு, மூன்று பிள்ளைகள். ஒரு முட்டை போடச் சொல்வார்.

சித்தப்பா: முட்டையை மூன்றாக வெட்டுவார் கடைக்காரர். அண்ணன் தன் துண்டை ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. வெள்ளரிக்காயால் அதை என் பக்கம் தள்ளிவிடுவான். எனக்கு முட்டை பிடிக்காது என்பான். ஊருக்கு வந்த பிறகுதான், அவனுக்கு முட்டை என்றால் உயிர் என்று தெரிந்தது.

பகல் 1.40
அம்மா: உங்கள் அண்ணன் முப்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தார் தம்பி. ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

சித்தப்பா: அவன் சொல்ல மாட்டான் அண்ணி.

பகல் 2.30
[படம்]
நான்: கரும்புச் சாறு குடித்துவிட்டு அம்மாவோடு சாலையைக் கடந்து வந்திருக்கிறேன். பழைய சந்தை இருந்த மூலையில் இப்போது கண்ணாடி வைத்த வணிகக் கட்டடம். காலையில் முருங்கைக்காய் கொடுத்த பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தோம். அவரும் மாமியாரோடு அந்தப் பழைய சந்தையில் கடை போட்டவராம். “எல்லோரும் தள்ளுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தோம்” என்று கையால் காட்டினார்.

சித்தப்பா: கால்வாய்?

[படம்]
நான்: இருக்கிறது சித்தப்பா. தண்ணீர் ஓடுகிறது. பக்கத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். வாடை கொஞ்சமும் இல்லை.

சித்தப்பா: அந்தக் கம்பித் தடுப்பு பக்கம் கொஞ்சம் நகர்ந்து இன்னொன்று எடு. சாலை தெரிகிற மாதிரி.

[படம்]

சித்தப்பா: இங்கேதான் நிற்போம்.

தம்பி கார்த்திக்: தெருவில் விற்றவர்களை எல்லாம் 1986-க்குள் இப்படிக் கட்டடங்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்களாம். குழாய்த் தண்ணீர், கழிவுநீர் வசதி எல்லாம் அப்போதுதான் அவர்களுக்குக் கிடைத்தது. 2020 டிசம்பரில் இந்த அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மாலதி அத்தை: நல்லதுதான். அந்தக் கடைக்காரர் ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தட்டையும் கழுவுவார். அம்மா அதனாலேயே வர மாட்டாள்.

சித்தி: பால் சொசைட்டி மூடும் நேரம் தாண்டிவிட்டது. இவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாலை உறை ஊற்றிவிட்டேன்.

மாலை 4.05
நான்: வீட்டுக்குக் கிளம்புகிறோம். நிலன் பஸ்ஸில் தூங்கிவிட்டான். ரோஜாக் குழம்பு மட்டும் ஒரு பொட்டலம் கட்டி வாங்கியிருக்கிறேன். அத்தை, உங்களுக்குச் செய்முறை தெரிந்தால் எழுதுங்கள்.

மாலதி அத்தை: கிழங்கை வேகவைத்து மசித்துக்கொள். ஊறவைத்த காய்ந்த மிளகாயை அரைத்து எண்ணெயில் நன்றாக வதக்கு. புளி, வெல்லம், வறுத்த கடலைப் பொடி. எள் கடைசியில். அளவு கைக்குத்தான் தெரியும், இரவு கூப்பிடு.

அம்மா: அகிலா, நாளைக்கும் அங்கே கடை உண்டா?

நான்: பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டே குழுவில் கேட்கிறீர்களே அம்மா. ஞாயிற்றுக்கிழமை உண்டு. கூட்டம்தான் அதிகமாக இருக்கும்.

அம்மா: இருக்கட்டும். நாளைக்கு எனக்கு விரதம் இல்லை. ஒரு தட்டு ரோஜாக் வாங்கு, ஒரு முட்டை போட்டு. அதை மூன்றாக வெட்டச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா: வெள்ளரிக்காய் கூடக் கேளுங்கள் அண்ணி. கேட்டால் தருவார்கள்.