9 எம்எம் கார்பைன் கையில் பிடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி சிக்னல்ஸ்

சிஎம்ஜி, அதாவது கார்பைன் மெஷின்கன் என்ற இந்தக் குட்டைத் துப்பாக்கி, என்றால் என்ன என்று நீட்டி விளக்கப் போவதில்லை. தெரிந்தவர்கள் படித்தால் போதும்.

1987 கடைசி, அமைதிப்படையில் யாழ்ப்பாணம். முதுகில் ரேடியோ செட் இருந்ததால் எனக்கு எஸ்எல்ஆர் என்ற நீளத் துப்பாக்கி தரவில்லை, கார்பைன்தான். ஊரைத் தாண்டினால் தண்ணீர் நிற்கும் வயல், அதற்கு அந்தப் பக்கம் பனங்காடு. அங்கிருந்து சுட ஆரம்பித்தார்கள். எப்படியும் 250 மீட்டர் இருக்கும். எஸ்எல்ஆர் வைத்திருந்தவர்கள் வரப்பில் படுத்துப் பதில் கொடுத்தார்கள். நானும் படுத்தேன், தோளில் வைக்கும் பட் பகுதியைத் திறந்து மாட்டி, ஒவ்வொன்றாகச் சுடும் சிங்கிளில் வைத்துச் சுட்டேன். பனங்காட்டுக்கு வெகுதூரம் முன்பாகவே வயலில் தண்ணீர் தெறித்தது. என் குண்டுதான்.

பக்கத்தில் எல்எம்ஜி என்ற இலகு மெஷின்கன் வைத்திருந்த திருநெல்வேலிப் பையன் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, அதை மடக்கி வச்சிட்டு நீங்க செட்டுல பேசுங்க" என்றான். கிண்டல் இல்லை, அக்கறையாகவே சொன்னான். நானும் மடக்கி வைத்துவிட்டுப் பேசினேன்.

மறுநாள் சந்து சந்தாக, வீடு வீடாகப் போகும்போது அதே பையன் தன் நீளத் துப்பாக்கியை ஒவ்வொரு கதவிலும் இடித்துக்கொண்டு என் கார்பைனைப் பொறாமையாகப் பார்த்தான். அது எனக்கு அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை. தண்ணீர் தெறித்ததுதான் நிற்கிறது. எதிரில் ஏகே வைத்திருந்தவர்களுக்கு 250 மீட்டர் ஒரு பெரிய தூரமே இல்லை.

குடியாத்தம் டேங்க்

சிக்னல்ஸ் அண்ணனுக்கு வணக்கம். ஆனால் கார்பைன் மேல் பழி போடாதீர்கள். பிஸ்டல் தோட்டாவை 250 மீட்டருக்கு அனுப்பச் சொன்னது யார்? அதன் பின்சைட்டே 100 கெஜம், 200 கெஜம் என்று இரண்டு நிலைதான். அந்த 200 கெஜமும் காகிதத்தில்தான். எஸ்எல்ஆர் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும், நம்முடையது 400ஐத் தொடாது. இரண்டையும் ஒரே வரப்பில் படுக்க வைத்து ஒப்பிடுவது நியாயமா?

என் கதை சின்னது. நான் விஜயந்தா டேங்க் ஆள், நம்ம ஆவடியில் செய்ததுதான். பபினா பயிற்சிக் களத்தில் வெளியேறும் டிரில். டேங்க் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டு எல்லோரும் நொடிகளில் வெளியே குதிக்க வேண்டும். கார்பைன் மடக்கினால் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட, அதனால்தான் டேங்க்காரனுக்கு அதைக் கொடுத்தார்கள். சரி, மடக்கிய கார்பைனோடு டேங்க்கின் மேல் திறப்பான ஹேட்சில் ஏறினேன். தோட்டா அடைக்கும் மேகசின் மாட்டியிருந்தது. இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமே, அது ஹேட்ச் விளிம்பில் மாட்டிக்கொண்டது. கழுத்தில் ஸ்லிங், கீழே இருந்து கன்னர் என் காலைத் தள்ளுகிறார், மேலே வரவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. வெளியே நின்ற ரிசால்தார் சாப் கடிகாரத்தைப் பார்த்தபடி, "தீயில் வெந்து முடிந்தாய், இனி மெதுவாகவே வா" என்றார்.

அன்றிலிருந்து மேகசினைக் கழற்றிப் பவுச்சில் வைத்துக்கொண்டுதான் ஏறுவேன். அதே பக்கவாட்டு மேகசின் படுத்துச் சுடும்போது வரம். எஸ்எல்ஆர்காரன் மேகசின் தரையில் இடிக்காமலிருக்க முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்குவான், நாம் தரையோடு தரையாகக் கிடக்கலாம். இதை அண்ணன் சொல்லவே இல்லை.

இந்தக் கார்பைன் பேட்செட் என்ற ஆங்கிலேயர் 1940களில் வடிவமைத்தது, பிரிட்டிஷ் ராணுவத்தில் எடுத்துக்கொண்டது 1953ல். நம் கான்பூரில் அறுபதுகளிலிருந்து செய்தார்கள். உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டின் மேல் சுருள் சுருளாக வரம்பு ஓடும், பார்த்திருப்பீர்கள். உள்ளே போகும் மண்ணையும் கரியையும் அதுவே சுரண்டி வெளியே தள்ளிவிடும். ராஜஸ்தான் மணலில் எத்தனையோ ஆயுதங்கள் முனகியபோது இது வேலை செய்தது. மேகசினுக்குள் சாதாரணத் தகடு இல்லை, இரண்டு உருளைகள். தோட்டா உருண்டு மேலே வரும். இவ்வளவு யோசித்துச் செய்த பொருளைப் போய்...

ஆம்பூர் பந்தோபஸ்து

நான் ராணுவம் இல்லை, ஆயுதப்படைக் காவல். 2019ல் நம் வேலூர் தொகுதிக்கு மட்டும் தேர்தலை நிறுத்தி ஆகஸ்டில் தனியாக நடத்தினார்களே, அந்தப் பிரசாரத்தில் ஒரு விஐபிக்குப் பின்னால் போனேன். ஆம்பூர் பஜார், சாயங்காலம், பிரியாணிக் கடை வாசலில் நெரிசல். அவர் வேனை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் நடந்துவிட்டார். என் மார்பில் குறுக்கே கார்பைன்.

இடுப்பளவு உயரத்தில் ஏதோ இழுக்கிறது. குனிந்து பார்த்தால் அம்மாவின் இடுப்பில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தை, மேகசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. வளைந்த கறுப்புப் பொருள், அதற்குப் பொம்மை. அந்த அம்மா விஐபியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. இது ஓப்பன் போல்ட் ஆயுதம். போல்ட் பின்னால் நின்றால் சுடத் தயார், முன்னால் போனால் வெடி. இந்த வகையில் பழைய ஸ்டென் துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கும் என்று பயிற்சியில் பயமுறுத்தியிருந்தார்கள். என்னுடையது காக் செய்யவில்லை, அதாவது போல்ட்டைப் பின்னால் இழுத்து வைக்கவில்லை, சேஃப்டியிலும் இருந்தது. எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடும்வரை மூச்சு வரவில்லை.

இரண்டு நிமிடத்தில் இன்னொரு கவலை வந்தது. நிஜமாகவே ஏதாவது நடந்தால் இந்தக் கூட்டத்தில் இதை வைத்து என்ன செய்வேன்? பர்ஸ்டில் போட்டால் நிமிடத்துக்கு 550 ரவுண்டு வேகம். யார் மேல்? குழந்தை மேலா? கூட்டத்துக்கு இடுப்பில் ஒரு பிஸ்டல் போதும் என்பது என் கருத்து. கார்பைன் வெறும் பார்வைக்குத்தான்.

ரேஞ்ச் உஸ்தாத்

பந்தோபஸ்து தம்பி, காக் செய்யாமல் வைத்திருந்தது நல்லது. என் அனுபவம் ஒரு வரி: ஃபயரிங்கில் ஒரு ரெக்ரூட் மேகசினைப் பிடித்துக்கொண்டு பர்ஸ்ட் போட்டான், மூன்றாவது ரவுண்டில் சிக்கியது, பதற்றத்தில் துப்பாக்கியின் மூக்கை என் பக்கம் திருப்பினான். அவ்வளவுதான்.

இங்கே எழுதுபவர்கள் பாதிப் பேர் இன்றும் தப்பாகத்தான் பிடிப்பீர்கள் என்று தோன்றுகிறது, அதனால் சொல்கிறேன். இடது கை ஓட்டை போட்ட குழாய் மேல் இருக்க வேண்டும். மேகசினைப் பிடித்தால் அதன் வாய் அசையும், தோட்டா கோணலாக ஏறும். சினிமாவில் எல்லோரும் மேகசினைத்தான் பிடிப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நிறையச் சுட்டால் குழாய் சுடும், கையுறை போடுங்கள். விரல் காலித் தோட்டா வெளியேறும் வாய்ப் பக்கம் போகக் கூடாது. டிரிகர் அழுத்தியதும் குண்டு போகாது, முதலில் கனமான போல்ட் முன்னால் ஓடும். அந்த ஓட்டத்தில் சைட் குலுங்கும். அதனால் சத்தம் கேட்கும்வரை பிடியைத் தளர்த்தாதீர்கள். சுட்டுவிட்டோம் என்று நினைத்துக் கையை விடுபவன் குண்டுதான் ஃபிகர் லெவன் என்ற ஆள் உருவ டார்கெட்டின் காலடியில் மண்ணைக் கிளப்பும். சிக்னல்ஸ் சார் குண்டு வயலில் விழுந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மேகசினில் 34 போகும், நான் இரண்டு குறைத்தே போடச் சொல்வேன், ஸ்பிரிங் பிழைக்கும். கோத்தில், அதாவது ஆயுத அறையில், திருப்பிக் கொடுக்கும் முன் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் சுண்டுவிரல் விட்டுப் பாருங்கள். குழாயைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றை ஒரே திசையில் இழுங்கள்.

சத்துவாச்சாரி சிக்னல்ஸ்

உஸ்தாத், பனங்காட்டிலிருந்து தலைக்கு மேல் குண்டு வரும்போது பிடியைத் தளர்த்தாமலிருக்க நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். டேங்க் தம்பி, பழி போடவில்லை. இது கிட்டத்துக்கு ஆன ஆயுதம் என்பது எனக்கும் தெரியும். தூரத்தில் நடக்கும் சண்டைக்கு அதைக் கொடுத்து அனுப்பினார்களே, அதைத்தான் சொன்னேன்.

கம்மவான்பேட்டை மகள்

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்தார்தான். அப்பாவுக்கு இப்போது ஞாபகம் சரியில்லை, என் பேரைத் தம்பி பேரோடு மாற்றிச் சொல்கிறார். போன வாரம் டாக்டர் அவரைச் சோதிக்க "ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். கார்பைனின் பட்டில் எழுதும் அடையாள எண்ணான பட் நம்பரைச் சொல்லிவிட்டு எழுந்து நின்றார். அது பட் நம்பர் என்று எனக்கே வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு இருந்த பழைய டைரியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதை அவர் எதற்கு எடுத்துப் போனார், சுட்டாரா இல்லையா, எதுவுமே எங்களிடம் சொன்னதில்லை. டிரைவராக இருந்தார் என்பது மட்டும் தெரியும். டிரைவர்களுக்கு இதைத்தான் தருவார்களா?

குடியாத்தம் டேங்க்

ஆமாம் அம்மா. டிரைவர், டேங்க்காரன், சிக்னல்காரன், ஆபீசர், எல்லோருக்கும் அதுதான். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நீளத் துப்பாக்கி வைக்க முடியாது. அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

காட்பாடி டு டெக்சாஸ்

நான் ஓய்வு பெற்ற எஸ்ஐ. பையன் டல்லாஸ் பக்கம் இருக்கிறான். போன முறை போனபோது அவன் நண்பர் ஒருவர் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். அவரிடம் மார்லின் கேம்ப் 9 என்று ஒன்று இருந்தது. 1985லிருந்து 1999வரை செய்து நிறுத்திவிட்டார்களாம். பார்க்க அப்படியே வேட்டைத் துப்பாக்கி, வால்நட் நிற மரக்கட்டை. ஆனால் போடுவது 9 எம்எம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 59 வரிசை பிஸ்டல் மேகசின் அதில் அப்படியே மாட்டும். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே தோட்டா, ஒரே மேகசின்.

தோளில் வைத்துச் சுட்டேன். உதையே இல்லை. நம் கார்பைன் மாதிரி கனமான போல்ட் முன்னால் ஓடி ஆட்டவில்லை, இது மூடிய போல்ட். 50 கெஜத்தில் ஒரே இடத்தில் விழுந்தது. பணியில் இருந்த காலமெல்லாம் இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் என்று தோன்றியது. இன்னொரு பக்கம், நிறுத்திவிட்ட பொருள். உள்ளே போல்ட் வந்து மோதும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, வயதானால் பொடிந்துவிடும் என்று அதை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியுமாம். கவனிக்காமல் சுட்டுக்கொண்டே போனால் மரக்கட்டை விரிசல் விடும். அவர் வாங்கியதுமே அந்தத் துண்டையும் ஸ்பிரிங்கையும் வேறு கம்பெனியில் வாங்கி மாற்றிவிட்டாராம். மேகசினைப் பழைய பொருள் விற்பவர்களிடம் தேடுகிறார். நம் ஊரில் பழைய லாம்பி ஸ்கூட்டர் வைத்திருப்பவர் மாதிரி, ஓட்டும் நேரத்தைவிட உதிரி பாகம் தேடும் நேரம் அதிகம்.

வக்கீல் குமாஸ்தா, வேலூர்

எஸ்ஐ ஐயா, படித்ததும் பதறிவிட்டேன். விசிட்டர் விசாவில் போனவர் அமெரிக்காவில் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே அங்குள்ள மத்தியச் சட்டப்படி குற்றம். குடியேறாத விசா எதுவாக இருந்தாலும் அதே விதி, வேலை விசாவில் இருக்கும் நம் ஐடி பையன்களுக்கும் சேர்த்துத்தான். விதிவிலக்குகள் உண்டு, முக்கியமானது அங்கே வாங்கிய வேட்டை லைசென்ஸ். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும், நண்பருடையது என்றாலும், ஐந்து நிமிடம் என்றாலும் சட்டம் ஒன்றுதான். பிடிபட்டால் விசா போகும், பையனுக்கும் தலைவலி. போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

இங்கே வந்து அந்த மாதிரி ஒன்று வாங்கலாமா என்றும் யாரும் யோசிக்க வேண்டாம். 9 எம்எம் நம் நாட்டில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட போர், அதாவது குழாய் அளவு. சாதாரண லைசென்ஸுக்கு .32, .315, 12 போர் மாதிரிதான் கிடைக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. முன்பு மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றை ஒப்படைக்க வேண்டி வந்தது. என் அனுபவம் என்று கேட்டால், அப்படி ஒப்படைக்க வந்த ஒரு பெரியவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கார்பைனை நான் தொட்டதே இல்லை.

காட்பாடி டு டெக்சாஸ்

குமாஸ்தா தம்பி, முப்பது வருடம் காக்கி போட்டவன். டெக்சாஸ் வெளியூர் வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொண்டுதான் ரேஞ்ச் வாசலை மிதித்தேன். மானை மட்டும் சுடவில்லை.

ஆம்பூர் பந்தோபஸ்து

எல்லோரும் பழசைப் புகழ்கிறீர்கள். புதிதாக வந்த ஜேவிபிசி கார்பைனை யாராவது சுட்டீர்களா? புனேயில் வடிவமைத்தது, 5.56x30 எம்எம் தோட்டா, குண்டு துளைக்காத சட்டையையும் துளைக்கும் என்கிறார்கள். 9 எம்எம் அங்கேதான் தோற்கிறது. சட்டை போட்டவன் முன்னால் வந்தால் 34 ரவுண்டும் வெறும் சத்தம். ராணுவத்துக்கு வெளிநாட்டிலிருந்து 93,895 கார்பைன் என்று 2018ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் துப்பாக்கிக் கம்பெனி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 2020ல் ரத்து செய்தார்கள். அதுவரைக்கும் இந்தப் பழசுதான் தோளில் தொங்கியது.

இடதுகை அரக்கோணம்

ஜேவிபிசி சுட்டிருக்கிறேன். சின்னது, ஒரு கையிலேயே பிடிக்கலாம், மேகசின் கைப்பிடிக்குள் போகும். பக்கத்தில் எதுவும் நீட்டாது. டேங்க் சார் ஹேட்ச்சில் மாட்டியிருக்க மாட்டார்.

எனக்கு உறுத்துவது பழைய கார்பைன்தான். நான் இடதுகைக்காரன். அந்த ஆயுதத்தில் மேகசின் இடது பக்கம், காலித் தோட்டா வலது பக்கம் வெளியேறும். இடது தோளில் வைத்தால் அந்த வாய் என் முகத்தை ஒட்டியே இருக்கும். முதல் பர்ஸ்டிலேயே சூடான ஒரு காலி சட்டைக் காலருக்குள் இறங்கிவிட்டது. ஃபயரிங் பாயின்டில் ஆடக் கூடாது, ஆயுதத்தைக் கீழே வைக்கவும் கூடாது. மேகசின் தீரும்வரை அப்படியே கிடந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் வலது தோளுக்கு மாற்றினார்கள், என் ஸ்கோர் பாதியானது. வேறு இடதுகைக்காரர்கள் யாராவது இதை ஒழுங்காகச் சுட்டீர்களா?

ரேஞ்ச் உஸ்தாத்

காலரின் மேல் பட்டனைப் போட்டுக் கழுத்தில் ஒரு துண்டு சுற்றியிருக்கலாம். நான் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன்.

இடதுகை அரக்கோணம்

உஸ்தாத், மே மாதம் அரக்கோணம் வெயிலில் துண்டா?