சாவி திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும், செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது

திருச்சி_வண்டி:
பத்து வருஷப் பெட்ரோல் கார், மேனுவல் கியர். பேட்டரி போன வருஷம்தான் மாற்றினேன். நேற்று ராத்திரி நல்ல மழை, காலையில் சாவி திருகினால் இன்ஜின் பக்கம் டக் என்று சத்தம் வருகிறது, அவ்வளவுதான், இன்ஜின் சுற்றவே இல்லை. ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட் எரிகிறது. தெருமுனை மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, பானட்டைக்கூடத் திறக்காமல், செல்ஃப் மோட்டார் போச்சு சார், மாத்திடலாம் என்கிறார். மாற்றிவிடலாமா, இல்லை வேறு ஏதாவது பார்க்கணுமா?

பழைய_ஸ்பேனர்:
அவசரப்படாதீங்க. முதலில் சத்தத்தைக் கவனிங்க. டக்டக்டக்டக் என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ், இல்லாவிட்டால் அதில் பூஞ்சை மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். ஒரே ஒரு அழுத்தமான டக் என்றால் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கிற காந்த சுவிட்ச்) இழுத்துவிட்டது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை என்று அர்த்தம். அதற்குக் காரணம் மோட்டாராகவும் இருக்கலாம், அதற்குப் போகிற வழியாகவும் இருக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருகுங்க, வெளிச்சம் அப்படியே செத்துப்போகிறதா, இல்லை கொஞ்சம் மங்கி நிற்கிறதா? மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி வோல்ட்டையும் சொல்லுங்க, சும்மா இருக்கும்போது ஒன்று, திருகும்போது ஒன்று.

மதுரை_டிரைவர்:
எனக்கும் இதே கதைதான். செல்ஃப் மோட்டார் மேல ஸ்பேனர் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினேன், உடனே எடுத்தது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. பிரஷ் செட் மட்டும் போட்டால் போதும், முழு மோட்டார் வாங்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு வண்டியைத் தள்ளி, சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்சை விட்டால் எடுக்கும் (ஆட்டோமேட்டிக்கில் இது நடக்காது). இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனமாக இருக்கும், அதனால் இறக்கத்தில் வைத்து இந்த வேலை வேண்டாம்.

திருச்சி_வண்டி:
ஒரே ஒரு டக்தான். லைட் லேசாக மங்குகிறது, அணையவில்லை. மீட்டர் பக்கத்து வீட்டில் வாங்கிப் பார்த்தேன், சும்மா இருக்கும்போது 12.5, திருகும்போது 11.9. தட்டியும் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. டெர்மினல் சுத்தமாக இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்:
அப்போ பேட்டரியை விட்டுவிடுங்க. 12.6 இருந்தால் முழு சார்ஜ், உங்களுடையது அதற்குப் பக்கம்தான். பேட்டரி பலவீனமாக இருந்திருந்தால் திருகும்போது 9.6க்குக் கீழே போயிருக்கும். இங்கே 11.9லேயே நிற்கிறது என்றால் மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்ட் போகவே இல்லை. ஹெட்லைட் பல்பு ஒன்று நாலஞ்சு ஆம்பியர்தான் கேட்கும், செல்ஃப் நூறுக்கு மேல் கேட்கும். அரித்துப்போன வயர் வழியாக அந்தச் சின்னக் கரண்ட் தாராளமாகப் போகும், பெரியது போகாது. அதனால்தான் லைட் எரியுது, பேட்டரி நல்லா இருக்கு, செல்ஃப் போச்சு என்று சட்டென்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இப்போ மீட்டரை டிசி வோல்ட்டில் வைங்க. ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே வைங்க, கிளாம்ப் மேல இல்லை, ஈயக் கம்பத்தில். இன்னொரு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில். நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு ஒருத்தரைத் திருகச் சொல்லுங்க, கை ஃபேன் பெல்ட்டை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற வழி) சரி. அதே மாதிரி பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் ஏறும் போல்ட் வரைக்கும், அங்கே 0.5 வரை பரவாயில்லை. இரண்டும் சரியாக இருந்து அப்பவும் டக் மட்டும் என்றால், அன்றைக்குத்தான் மோட்டாரை இறக்கணும்.

கோவை_எலக்ட்ரிக்:
மீட்டர் வேலை தலைவலி என்றால் குறுக்குவழி ஒன்று: ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு கிளிப்பை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் மாட்டிவிட்டுத் திருகுங்க. எடுத்தால் எர்த்தில்தான் கோளாறு. பாசிட்டிவ் பக்கம் மட்டும் மறந்தும் இப்படி விளையாட வேண்டாம், கிளிப் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

திருச்சி_வண்டி:
அண்ணா, எர்த் பக்கம் எட்டு, ஒன்பது வோல்ட் என்று ஆடுகிறது! கேபிள் போட்டதும் அப்படியே எடுத்துவிட்டது. மெக்கானிக்கிடம் சொன்னால், ‘அதெல்லாம் தற்காலிகம் சார்’ என்கிறார். இனி என்ன செய்யணும்?

பழைய_ஸ்பேனர்:
தற்காலிகம்தான், எர்த் வயரை மாற்றுகிற வரைக்கும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. இன்ஜின் அல்லது கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் போகிற தடித்த எர்த் வயரைத் தேடுங்க, அதன் லக் (போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம்) நுனியில் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்க. உள்ளே செம்பு பச்சையாகப் பொடிந்திருந்தால் சுத்தம் செய்து பிரயோஜனம் இல்லை, அதே தடிமனில் புதுசு போடணும், மெல்லிய வயரை ஒட்டுப்போடக் கூடாது. செம்பு நன்றாக இருந்தால் லக்கையும் அது உட்காரும் இடத்தையும் எமரி பேப்பரால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிவிட்டு, மேலே வாஸ்லின் தடவுங்க.

இன்னொன்று, ஆக்சிலரேட்டர் கேபிளையும் கிளட்ச் கேபிளையும் தொட்டுப் பாருங்க. எர்த் கிடைக்காத கரண்ட் சில நேரம் அது வழியாகத் திரும்பும், உறை உருகிக்கூடப் போகும்.

கோவை_எலக்ட்ரிக்:
வயர் போட்டதும் வண்டியை ஓடவிட்டு பேட்டரியில் அளந்து பாருங்க, 13.8லிருந்து 14.5க்குள் இருக்கணும். பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டருக்கும் அதே எர்த்துதான். செல்ஃப் மோட்டாருக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.