வசம்பா, கிரைப் வாட்டரா, ஒண்ணுமே வேணாமா? ராத்திரியில அழுற அஞ்சு வாரப் பிள்ளை

திருப்பாப்புலியூர் பொண்ணு:
பாப்பாவுக்கு அஞ்சு வாரம். தாய்ப்பால் மட்டும்தான். பகலெல்லாம் நல்லா தூங்குறா. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா ஒண்ணு, ரெண்டு வரைக்கும் காலை வயித்தோட மடக்கிக்கிட்டு, முகம் செவந்து போய் அழுறா. நடுநடுவே காத்து பிரியுது. எங்கம்மா "வாயுதான், வசம்பை சுட்டு உரசி நாக்குல தடவுறேன்"னு நிக்கிறாங்க. புதுச்சேரியில இருந்து மாமியார் கிரைப் வாட்டர் குடுத்து அனுப்பியிருக்காங்க. எடை ஏறுது, ஜுரம் இல்ல. யார் பேச்சைக் கேக்குறது?

கெடிலக்கரை ஆயா:
அம்மா பேச்சைக் கேளு கண்ணு. தலைக்கு ஊத்துற அன்னிக்கு உரை மருந்து குடுத்து வளர்ந்த பிள்ளைங்கதான் நாம எல்லாம். சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு. எல்லாத்தையும் நெல்லோட வேகவச்சு, காயவச்சு எடுத்து வச்சுக்கணும். கல்லுல தாய்ப்பால் விட்டு ஒவ்வொண்ணும் ஒரே ஒரு இழைப்பு. அழச்சொல்ல தொப்புளச் சுத்தி பெருங்காயத்தைக் கரைச்சுப் பூசு. வாயு பட்டுனு இறங்கும்.

ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், புதுச்சேரி:
ஆயா, பூசுறதுக்கு நான் பெருசா சண்டை போடல. வாய்க்குள்ள போறதுக்குத்தான் போடுறேன். வசம்புல பீட்டா-அசரோன்னு ஒரு பொருள் இருக்கு. எலிகளுக்குக் குடுத்துப் பாத்து கட்டி வந்ததால, அமெரிக்காவுல 1968-லயே சாப்பாட்டுப் பொருள்ல வசம்பு சேக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. வாந்தியும் வரவைக்கும். "ஒரே இழைப்பு"ங்கிறீங்க, அந்த இழைப்பு எத்தனை மில்லிகிராம்? ஜாதிக்காய் அளவு மீறினா பிள்ளை மயங்கிக் கிடக்கும். அதைப் பாத்துட்டு வீட்ல "நல்லா தூங்குது"ம்பாங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணி கூட வேணாம்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது.

லாஸ்பேட்டை மருமக:
அப்ப கிரைப் வாட்டர் மட்டும் எப்படி மெடிக்கல்ல விக்கிறாங்க? டாக்டருங்களே எழுதித் தர்றாங்களே.

ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், புதுச்சேரி:
விக்கிறதாலயே வேலை செய்யும்னு ஆயிடாதும்மா. இங்கிலாந்துல வுட்வர்ட்னு ஒரு மருந்துக்கடைக்காரர் 1851-ல கொண்டு வந்தது அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே கொஞ்சம் ஆல்கஹால். அந்தக் காலத்துப் பிள்ளைங்க சதகுப்பையில தூங்குச்சா, ஆல்கஹால்ல தூங்குச்சான்னு நீங்களே யோசிச்சுக்குங்க. இப்ப ஆல்கஹால் இல்லாமத்தான் வருது. மிச்சம் இனிப்புத் தண்ணி. வாயுவுக்குன்னு குடுக்குற சிமெத்திகோன் சொட்டு மருந்தும் அப்படித்தான், மருந்தில்லாத வெறும் சொட்டு குடுத்த பிள்ளைகளோட ஒப்பிட்டுப் பாத்ததுல பெரிய வித்தியாசம் தெரியல.

முத்தியால்பேட்டை அப்பா:
அப்ப ஏப்பம் விட வைக்கிறதாவது உண்டா? நான் தோள்ல போட்டு அரை மணி தட்டுறேன். சண்டிகர்ல 71 தாய்-சேயை வச்சு ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க, 2015-ல வெளியாச்சு. தட்டி ஏப்பம் எடுத்த பிள்ளைங்க அழுகை குறையவே இல்லையாம். பால் கக்குறதுதான் கூடிடுச்சாம்.

கெடிலக்கரை ஆயா:
ஏப்பம் எடுக்காம படுக்கப் போட்டா பால் புரையேறாதா தம்பி? படிச்சு படிச்சே பிள்ளையக் கெடுக்குறீங்க.

ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், புதுச்சேரி:
தம்பி சொன்ன ஆய்வு சின்னது, ஆனா உண்மை. அரை மணி தட்ட வேணாம். பால் குடிச்சதும் கொஞ்ச நேரம் நிமித்தி வச்சுக்குங்க, ஏப்பம் வந்தா வரட்டும். குடிக்கும்போது "டொக் டொக்"னு சத்தம் கேட்டா அங்கதான் காத்து உள்ள போகுது. காம்பை மட்டும் கவ்வாம, சுத்தியிருக்கிற கறுப்புப் பகுதியும் வாய்க்குள்ள போகணும், தாடை மார்பைத் தொடணும்.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. வாயுனால அழுறாங்கன்னு நினைக்கிறோம். பெரும்பாலும் அழுது அழுது காத்தை முழுங்குறதாலதான் வயிறு உப்புது. இந்த அழுகை ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிச்சு, ஆறாவது வாரம் வாக்குல உச்சத்துக்குப் போகும். மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். நடுவுல எது குடுத்தீங்களோ அதுக்குப் பேரு கிடைக்கும்.

லாஸ்பேட்டை மருமக:
சரி, எனக்கு ஒரு வயித்தெரிச்சல். எங்க வீட்ல கிழங்கு, பருப்பு, முட்டைக்கோஸ் எல்லாம் நிறுத்தி வெறும் பூண்டுக் குழம்பும் பால்சுறா புட்டும்தான். நான் தின்னா பிள்ளைக்கு வாயு ஏறுமாம்.

ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், புதுச்சேரி:
உங்க குடல்ல உண்டாகுற காத்து பால்ல போகாது, பால் ஊறுறது ரத்தத்துல இருந்து. தாராளமா சாப்பிடுங்க. பிள்ளையோட மலத்துல ரத்தமோ சளியோ வந்தா மட்டும் மாட்டுப்பால் ஒத்துக்கலையான்னு டாக்டரைக் கேக்கணும். பால்சுறா நல்லதுதான், தினமும் அதே புட்டுன்னா நானும் அழுவேன்.

முத்தியால்பேட்டை அப்பா:
தூக்கத்துக்கு வழி சொல்லுங்க. எங்க தெருவுல கரண்ட் போனா கொசுவலைக்குள்ள புழுங்குது, தூளியில போட்டாதான் அசையாம கிடக்குறான். அவங்கம்மா ராத்திரி முழுக்க தூளியில விடுன்றாங்க.

ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், புதுச்சேரி:
பகல்ல கண்ணு முன்னாடி தூளியில ஆட்டுங்க. ராத்திரி எல்லாரும் அசந்து தூங்குற நேரத்துல வேணாம், துணி குழிஞ்சு தாடை நெஞ்சுல போய் முட்டினா மூச்சுக்கு ஆபத்து. கெட்டியான சமமான பாய் மெத்தையில மல்லாக்கப் படுக்க வைங்க, தலையணை இல்லாம. இந்த வயசுல ராத்திரி பகல் தெரியாது. காலையில வாசல் வெளிச்சத்துல உக்காருங்க, ராத்திரி பால் குடுக்கும்போது ட்யூப்லைட்டும் வேணாம் பேச்சும் வேணாம். அழுகைக்கு: பிள்ளையக் குப்புற உங்க முன்கை மேல நீளமா படுக்க வச்சு, உள்ளங்கையால வயித்தத் தாங்கிக்கிட்டு நடங்க. உங்கம்மாவும் ஆயாவும் இதுல கெட்டிக்காரங்க, மாத்தி மாத்தித் தூக்கட்டும். நீங்க தூங்குங்க.

பச்சையா வாந்தி, 38 டிகிரி செல்சியஸோ (100.4 ஃபாரன்ஹீட்) அதுக்கு மேலயோ ஜுரம், பால் குடிக்காம துவண்டு போறது, வயிறு கல்லா இருக்கிறது. இதுல எது வந்தாலும் வாயுன்னு உக்காராதீங்க, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.

திருப்பாப்புலியூர் பொண்ணு:
வாய்க்கு ஒண்ணும் குடுக்கலன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன், முகத்தைத் தூக்கி வச்சிருக்காங்க. வசம்பை வளையலாக் கையில கட்டட்டுமான்னு கேக்குறாங்க.

ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், புதுச்சேரி:
கட்டினா கண்காணிப்பு வேணும். மூணு மாசத்துல கை வாய்க்குப் போக ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடியே கழட்டிடுங்க.

கெடிலக்கரை ஆயா:
மூணு மாசத்துல கழட்டு, மூணு மாசத்துல அழுகையும் நிக்கும்னு நீயே சொல்ற. நின்னதும் வசம்பாலதான் நின்னுச்சுனு ஊரெல்லாம் சொல்லுவேன், அப்ப வந்து கேக்காத.