முதல் வைரஸ் மருந்து: 2003-ஆ, 2015-ஆ?

பரணி: "வைரஸ் மூலம் ஜீனை அனுப்பிப் புற்றுநோயைத் தாக்கும் உலகின் முதல் மருந்து 2015-ல் அமெரிக்காவில் வந்தது" என்று எழில் அடித்துச் சொல்கிறார். எரிச்சலாக இருக்கிறது. 2003 அக்டோபரிலேயே சீனா ஜென்டிசினுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அடினோவைரஸுக்குள் (சளி உண்டாக்கும் ஒரு வைரஸ்) கட்டி வளராமல் தடுக்கும் பி53 ஜீனை வைத்து, தலை, கழுத்துப் புற்றுக்கட்டியில் நேராக ஊசி போடுவார்கள். நடுவில் 12 வருடம் எங்கே போயிற்று?

எழில்: கட்டி சுருங்கியதைப் பார்த்துக் கொடுத்த அனுமதி அது. ஆயுள் கூடியதா என்று கேட்கவே இல்லை. அதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பரணி: நீங்கள் சொல்லும் அந்த 2015 அமெரிக்க மருந்து இம்லிஜிக் மட்டும் என்னவாம்? ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்படவில்லை என்று அதன் விவரக்குறிப்பிலேயே போட்டிருக்கிறது. படித்தீர்களா?

எழில்: படித்தேன். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் நீடித்த பலன் கண்டவர்கள் 16.3 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 2.1 சதவீதம். மூன்றாம் கட்டச் சோதனை ஐயா அது!

வெண்மதி: வேலை செய்யும் விதத்தையும் பாருங்களேன். இம்லிஜிக் ஹெர்பிஸ் வைரஸ். ஐசிபி34.5 என்ற அதன் ஜீனை எடுத்துவிட்டதால் நல்ல செல்லில் சரியாகப் பெருக முடியாது. புற்றுசெல்லில் பெருகி அதை வெடிக்கச் செய்யும். உள்ளே வைத்த ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தின் ஜீன் நோயெதிர்ப்புச் செல்களைக் கூட்டி வரும். ஜென்டிசின் பெருகவே பெருகாது. இரண்டும் வேறு வேறு.

பரணி: பாடத்துக்கு நன்றி. ஆண்டு 2003. பெருகும் வைரஸ்தான் வேண்டுமென்றாலும் 2005-ல் எச்101 என்ற மருந்துக்கு அனுமதி, அதுவும் சீனா.

கவின்: 1999-ல் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்ததும் இதே அடினோவைரஸால்தானே? அதை ஏன் ஒருவரும் பேசவில்லை?

எழில்: அவருக்குப் புற்றுநோயே இல்லை, பிறவி நொதிக் குறைபாடு. கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். சம்பந்தமில்லாததை இழுக்காதீர்கள்.

கவின்: ஒரு பையன் செத்தது சம்பந்தமில்லையா? கார்-டி (நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்லையே மாற்றிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் சிகிச்சை) பற்றிப் பேசியபோதும் என்னை இப்படித்தான் அடக்கினீர்கள்.

பரணி: கவின், அதற்குத் தனியாகச் சண்டை போடுங்கள். எழில், 2003 என்று ஒரு வரி எழுத ஏன் இவ்வளவு கஷ்டம்? சீனா என்பதாலா?

எழில்: நாட்டைப் பார்த்துப் பேசுகிறவன் நானில்லை. தரவு. 2015.

பரணி: 2003.