கன்டெய்னர் டெர்மினலின் திறனை எதை வைத்து அளப்பது?

கடற்கரைப் பையன்:
எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்குச் சென்னை, காட்டுப்பள்ளி, தூத்துக்குடி, கொழும்பு என்று எட்டு டெர்மினல்களை எடுத்திருக்கிறேன். முதலில் வருஷத்து டிஇயூவை (20 அடிப் பெட்டியை ஒன்றாக எண்ணும் கணக்கு) கிரேன் எண்ணிக்கையால் வகுத்தேன், கொழும்பு எங்கேயோ போய்விட்டது. கைடு அது போதாது, டி.இ.ஏ. (டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்) போடு என்றார். பெர்த் (கப்பல் வந்து நிற்கும் இடம்) நீளம், பெர்த் கிரேன், யார்டு (பெட்டி அடுக்கும் இடம்) பரப்பு, யார்டு கிரேன் நான்கும் உள்ளீடு, டிஇயூ வெளியீடு. போட்டால் எட்டில் ஆறுக்கு 1.00 வந்து நிற்கிறது. ஆறுமே முழுத் திறன் என்று எழுதினால் வைவாவில் சிரிப்பார்களா?

பழைய பிளானர்:
சிரிக்கத்தான் செய்வார்கள் தம்பி. டி.இ.ஏ. இருக்கிற கூட்டத்துக்குள்ளேயே நல்லவனைத் தேடி மற்றவர்களை அவனோடு ஒப்பிடும். கூட்டம் சின்னது, அளவுகோல் நிறைய என்றால் ஆளாளுக்கு ஏதோ ஒன்றில் முதலாவதாகிவிடுவான். உன்னிடம் உள்ளீடும் வெளியீடும் சேர்ந்து ஐந்து, அதைப் போல் மூன்று மடங்காவது டெர்மினல் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. எட்டுதான் கிடைக்கும் என்றால் நாலைந்து வருஷ டேட்டாவை எடுத்து ஒவ்வொரு வருஷத்தையும் தனி ஆளாக வை, யார்டு கிரேனைத் தூக்கிவிடு.

அதைவிடப் பெரிய ஓட்டை முதல் கணக்கிலேயே இருக்கிறது. கப்பல் வராமல் கிரேன் சும்மா நின்றால் அது ஆபரேட்டர் குற்றமா? கொழும்பில் பெரும்பகுதி டிரான்ஷிப்மென்ட், ஒரே பெட்டி இறங்கும்போது ஒரு தடவை, வேறு கப்பலில் ஏறும்போது இன்னொரு தடவை எண்ணப்படும். கிரேனுக்கு அது நிஜமாகவே இரண்டு வேலைதான், அதில் ஏமாற்று இல்லை, ஆனால் அந்தப் பெட்டிக்காக லாரி டெர்மினல் கேட்டுக்கு வருவதில்லை, அதனால் யார்டை வைத்துச் சென்னையோடு ஒப்பிட்டால் அநியாயம். அப்புறம், 40 அடிப் பெட்டி இரண்டு டிஇயூ, தூக்குவதோ ஒரே தடவை. மூவ் (ஒரு தடவை தூக்கி வைப்பது) கணக்கில் எடு.

நங்கூரம்:
கடிகாரத்தை எங்கே ஆரம்பிக்கிறாய் என்று முதலில் சொல். கணக்குக்காக 1,200 மூவ், நாலு கிரேன், ஒவ்வொன்றும் மணிக்கு 25 என்று வைப்போம். 12 மணி நேரத்தில் வேலை முடியும், மணிக்கு 100. ஆனால் கயிறு கட்டி, ஏணி இறக்கி, லாஷிங் ஆட்கள் ஏறிப் பெட்டிகளைக் கட்டிய கம்பிகளைக் கழற்றி, கடைசியில் கப்பலை வெளியே வழிநடத்தும் பைலட்டுக்குக் காத்திருந்து, பெர்த்தில் போனது 15 மணி நேரம். இப்போது 80. அதற்கு முன் நங்கூரம் போட்டு வெளியே ஒரு நாள் கிடந்திருந்தால் மொத்தம் 39, மணிக்கு 31கூட இல்லை. மூன்றுமே உண்மை. டெர்மினல்காரர் முதலாவதைச் சொல்வார், கப்பல் கம்பெனி மூன்றாவதைப் பார்க்கும். உலக வங்கியின் கன்டெய்னர் துறைமுகக் குறியீடும் துறைமுக எல்லைக்கு வந்ததிலிருந்து பெர்த்தை விட்டுக் கிளம்பும் வரைதான் எண்ணுகிறது. அதில் விசாகப்பட்டினம் 2022இல் 115ஆவது, 2023இல் 19ஆவது. ஒரே வருஷத்தில் கிரேன்களுக்கு இறக்கை முளைத்துவிடுமா என்ன, ரேங்கை மட்டும் வைத்து எதையும் எழுதிவிடாதே.

ரெண்டு டிரெய்லர் ஓனர்:
எல்லோரும் கப்பலையே பார்க்கிறீர்கள். போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பெட்டிக்காக என் வண்டி 11 மணி நேரம் வரிசையில் நின்றது (எந்த டெர்மினல் என்பது வேண்டாம்). டிரைவர் சாலை ஓரத்திலேயே இரண்டு வேளை சாப்பிட்டான். அதே வாரம் கேட்டில் கிரேன் ரெக்கார்டு என்று பேனர் கட்டியிருந்தார்கள். யார்டு மெஷினையெல்லாம் கப்பல் வேலைக்குத் திருப்பிவிட்டால் ரெக்கார்டு வராமல் என்ன செய்யும்? லாரி நேரம் என்று அவர்கள் கொடுப்பது கேட்டுக்குள் நுழைந்து வெளியேறும் வரைதான். எங்கள் நேரம் போவது கேட்டுக்கு வெளியே.

கடற்கரைப் பையன்:
அண்ணா, வெளியே நிற்கிற நேரத்துக்கு டேட்டா எங்கே கிடைக்கும்?

ரெண்டு டிரெய்லர் ஓனர்:
வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறது, பார்ட்டி பெயரை அடித்துவிட்டு மூன்று மாத லாக் தருகிறேன். இரண்டு வண்டிதான், அதை வைத்து ஊர்க் கணக்கு போட்டுவிடாதே. நாளைக்குக் காலையில் போன் பண்ணு.