மதுரையில ஒரே பெரிய மையமா, ஊருக்கே வந்து போற ஆளா?

வைகைக்கரை:
மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு மதுரையில எல்லாம் இருக்கு, ஆனா திசைக்கு ஒண்ணா இருக்கு. என் மகளுக்கு ஆட்டிசம், வயசு ஆறு. ஸ்பீச் தெரபி அண்ணாநகர்ல, அன்றாட வேலையைத் தானே செய்யப் பழக்குற ஆக்குபேஷனல் தெரபி திருநகர்ல, சர்டிபிகேட்டுக்குப் பெரியாஸ்பத்திரி, மனு கொடுக்க கலெக்டர் ஆபீஸ். ஒன்றியத்துக்கு ஒரு தெரபி மையம்னு அரைகுறையாத் திறக்கிறதை விட்டுட்டு, மாவட்டத்துக்கு ஒரே முழு மையம் போதும்ங்கிறது என் கட்சி. நல்ல தெரபிஸ்ட் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. அவங்களையும் ஊர் ஊரா அலையவிட்டா யாருக்கும் பலன் இல்லை.

பூக்கட்டி:
அண்ணே, ஒங்களுக்குத் திசைக்கு ஒண்ணு. எங்களுக்குத் திசையே ஒண்ணுதான், கிழக்க.

நான் உசிலம்பட்டிக்கு மேற்க. மகனுக்கு சி.பி., அதான் மூளை முடக்குவாதம், ஏழு வயசு, பதினெட்டு கிலோ. கழுத்து நிக்காது. விடியக்காலம் மல்லி பறிச்சாத்தான் எனக்குக் கூலி, தெரபி நாள்ல அது போச்சு. பஸ் பாஸ் இருக்கு, அதைக் கொறை சொல்லல. பாஸ் வந்து பிள்ளையத் தூக்கி ஏத்தாதுல்ல? இடுப்புல அவன், தோள்ல பை, ஒரு கையில கம்பி. அரப்பாளையத்துல எறங்கித் திரும்ப ஒரு வண்டி. போய்ச் சேர்றதுக்குள்ள அவன் ஒடம்பு வெறைச்சுப் போயிரும். அரைமணி நேரத் தெரபில பாதி அவன அமத்துறதுலயே முடிஞ்சிரும். மூணு மாசம் போனேன், விட்டுட்டேன்.

மேலூரான்:
கோவிச்சுக்காதீங்க, விட்டது யார் தப்பு? பராமரிப்புத் தொகை மாசம் 2,000 ரூபா கொடுக்குறாக. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசு நிரமயா மருத்துவ இன்சூரன்ஸ்ல வருசம் ஒரு லட்சம் வரை இருக்கு. எல்லாத்தையும் வீட்டு வாசல்ல கொண்டாந்து வைக்கணும்னா எப்படி?

சாக்பீஸ்:
மேலூரான் தம்பி, அந்த 2,000 டயாப்பருக்கும் வலிப்பு மாத்திரைக்கும் காணாது. அவங்க இழக்கிற கூலியைக் கணக்குல எடுத்துக்கிட்டீங்களா?

சிறப்பாசிரியையா இருந்து ஓய்வு பெற்றவ நான். வீட்டுவழிக் கல்விக்காக வீடு வீடாப் போயிருக்கேன், அதனால சொல்றேன். ஒரு வீட்ல சி.பி. பையனைப் படுக்கப்போட்டே கஞ்சி ஊட்டுவாங்க. புரையேறும், மாசம் தவறாம நெஞ்சுச்சளி. அரசாங்கம் கொடுத்த சி.பி. நாற்காலி மூலையில கிடந்துச்சு, மேல தண்ணிக்குடம். குடத்தை இறக்கிட்டு, நிமிர்த்தி உக்கார வச்சு, தாடையைப் பிடிச்சு எப்படி ஊட்டுறதுன்னு அந்த ஆத்தாவுக்கு நாலு தடவை காட்டினேன். அந்த மழைக்காலத்துல பையன் ஆஸ்பத்திரி பக்கமே போகல. நகரத்து மையத்துல இருக்கிறவங்களுக்கு அந்தக் குடம் கண்ணுல படவே படாது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆறு வயசுல இருந்து பதினெட்டு வரைக்கும் இலவசக் கல்வி உண்டுன்னு சொல்லுது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியாங்கிறது பிள்ளை வீட்டார் விருப்பம். பக்கத்துல ஒண்ணுமே இல்லாத ஊர்ல விருப்பம் எங்க இருந்து வரும்? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் 1981-ல ஆரம்பிச்சது. அவங்க கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்புறாங்க, மேல தெரபிஸ்ட் இருந்து பார்த்துக்கிறார். இங்க ஏன் முடியாது?

வைகைக்கரை:
குடம் விஷயம் ஒத்துக்கிறேன் டீச்சர். ஆனா என் பயம் வேற. வீட்டுக்கே வர்றோம்னு சொல்லி, வாரத்துக்கு ஒரு மணி நேரம் காட்டிக் கொடுத்துட்டு, மிச்ச நாள் பூரா அம்மா தலையில கட்டிருவாங்க. அரசாங்கத்துக்கு இதைவிட மலிவா ஒரு திட்டம் கிடைக்குமா? அதுவும் என் மக மாதிரிப் பிள்ளைகளுக்கு மத்த பிள்ளைகளோட பழக ஒரு இடம் வேணும். நாலு சுவத்துக்குள்ள அது எப்படி நடக்கும்?

பூக்கட்டி:
அதுவும் நெசந்தாண்ணே. டீச்சர் சொல்ற ஊட்டுற வித்தையெல்லாம் கத்துக்கிட்டேன், செய்யிறேன். ஆனா வீட்டுக்கு ஆள் வந்துட்டுப் போனப்புறம் திரும்பவும் நானும் அவனுந்தான். கல்யாணம் காச்சிக்குப் போயி மூணு வருசமாச்சு. எனக்கு மதுரையும் வேணாம், வீட்டு வாசலும் வேணாம். உசிலம்பட்டியிலயே காலைல விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வர்ற மாதிரி ஒரு எடம். அவனுக்கும் நாலு பிள்ளைக, எனக்கும் நாலு ஆத்தாமாரு.

மேலூரான்:
சரிதான்க்கா. ஆனா கழுத்து நிக்காத பிள்ளையை நம்பி விடணும்னா ரெண்டு பிள்ளைக்கு ஒரு ஆயாவாச்சும் வேணும். அந்தச் சம்பளத்துக்கு யாரு வருவா? பூட்டிக் கெடக்குற கட்டடம் இன்னொண்ணு வந்துரும்.

சாக்பீஸ்:
சம்பளத்தைச் சரியாக் கொடுத்தா வருவாங்க தம்பி. எங்க காலத்துல தொகுப்பூதியத்துலயே வருசக்கணக்கா ஓட்டினவங்க இருக்காங்க. அதையே நியாயம்னு சொல்லிறாதீங்க.

பூக்கட்டி:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு கேக்கணும் டீச்சர். அவனோட நாற்காலி சின்னதாப் போச்சு, முட்டி இடிக்குது. புதுசுக்கு எப்படி எழுதிக் கொடுக்க?

சாக்பீஸ்:
அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ. திங்கக்கிழமை மனு நாள்ல கொடுத்து ரசீது கேட்டு வாங்கிக்கோங்கம்மா. இடுப்புல இருந்து முட்டி வரைக்கும், முட்டில இருந்து பாதம் வரைக்கும் அளந்து மனுவிலயே எழுதிருங்க. படுக்கப்போட்டு அளக்காதீங்க, உங்க மடியில உக்கார வச்சு அளங்க.